லைசென்ஸை நிறுத்தி வைப்பதா, ஓய்வு கொடுப்பதா? கலிபோர்னியா சோஷியல் வொர்க்கர்களுக்கு முழுமையான வழிகாட்டி

போன வருடம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, சன்னிவேலில் இருக்கும் அக்கா ஒருவர் போன் செய்தார். 26 வருடம் தெரபி செய்தவர். ரின்யூவல் பக்கத்தைக் கம்ப்யூட்டரில் திறந்து வைத்துக்கொண்டு பேசுகிறார். “இதுல இன்ஆக்டிவ்னு ஒண்ணு இருக்கு. ரிட்டயர்ட்னு தனியா ஒரு அப்ளிகேஷன் இருக்கு. ரெண்டும் ஒண்ணுதானே? எதையாவது ஒண்ணைப் போட்டுட்டு நிம்மதியா இருக்கலாம்னு பாக்கறேன்.”

“எதையும் அழுத்தாதீங்கக்கா, மூடி வைங்க” என்றேன். ஒன்றரை மணி நேரம் பேசினோம். அப்பாவைப் பார்த்துக்கொள்ளத் திருச்சிக்குப் போனபோது நானே 14 மாதம் இன்ஆக்டிவில் இருந்திருக்கிறேன். அதில் பட்டதும் தெரிந்துகொண்டதும் கலந்துதான் இதை எழுதுகிறேன். கலிபோர்னியாவில் எல்.சி.எஸ்.டபிள்யூ., அதாவது கிளினிகல் சோஷியல் வொர்க்கர் லைசென்ஸ் வைத்திருப்பவர்களுக்கானது இது. அமெரிக்காவில் இந்த லைசென்ஸ் மாநிலத்துக்கு மாநிலம் வேறு. பக்கத்து மாநிலத்தில் இருப்பவர் இதைப் படித்துவிட்டு அப்படியே செய்யக்கூடாது.

முதலில், எதை எதோடு குழப்பிக்கொள்கிறோம்

இங்கே லைசென்ஸ் கொடுப்பது சாக்ரமென்டோவில் உள்ள பிஹேவியரல் சயின்சஸ் போர்டு. எல்லாரும் பி.பி.எஸ். என்பார்கள். இரண்டு வருடத்துக்கு ஒரு முறை புதுப்பிக்க வேண்டும். ஒவ்வொரு சுற்றிலும் 36 மணி நேரம் தொடர்கல்வி, நம் பேச்சில் ‘சி.இ.’, முடித்திருக்க வேண்டும். அதில் 6 மணி நேரம் சட்டமும் நெறிமுறையும்.

இன்ஆக்டிவ் என்றால் லைசென்ஸ் உயிரோடு இருக்கிறது, ஆனால் அதை வைத்துத் தொழில் செய்ய முடியாது. இரண்டு வருடத்துக்கு ஒரு முறை பணம் கட்டிக்கொண்டேதான் இருக்க வேண்டும். சட்டப்படி அது ஆக்டிவ் கட்டணத்தில் பாதி. சி.இ. கிடையாது. பூட்டிப் போட்ட வீட்டுக்குப் பாதி வாடகை கொடுப்பது மாதிரி.

ரிட்டயர்ட் அப்படி இல்லை. ஒரு முறை அப்ளிகேஷன், ஒரு முறை கட்டணம். சட்டத்தில் எழுதியிருக்கும் தொகை 40 டாலர். அதற்குப் பிறகு ரின்யூவலே கிடையாது. ஆனால் அந்தக் கதவுக்கு ஒரு கெடு உண்டு: மூன்று வருடம். அதற்குள் மனம் மாறினால் திரும்பி வருவது சுலபம். தாண்டினால் மறுபடியும் புது ஆள் மாதிரி விண்ணப்பித்து, பரீட்சை எழுதித்தான் வர வேண்டும்.

மூன்றாவதாக ஒன்று இருக்கிறது. அதை யாரும் தேர்ந்தெடுப்பதில்லை, தானாக வந்து விழும். பணம் கட்டாமல் விட்டால் லைசென்ஸ் காலாவதியாகும். காலாவதியான பிறகு மூன்று வருடத்துக்குள் தாமதக் கட்டணத்தோடு புதுப்பிக்கலாம். அதையும் விட்டால் ரத்து. “எப்படியும் ஊருக்குப் போறேன், விட்டா தானா போயிடும்” என்று சொல்பவர்கள் இந்தக் குழிக்குத்தான் போகிறார்கள். என்னைக் கேட்டால் இது ஒரு முடிவே அல்ல. முடிவெடுக்காமல் இருப்பதற்கு இன்னொரு பெயர், அவ்வளவுதான்.

எதை எடுப்பது: ஒரே ஒரு கேள்வி

கட்டணத்தை வைத்து முடிவு செய்யாதீர்கள். 2021 ஜனவரியில் இரண்டு வருட ரின்யூவல் 200 டாலராக உயர்ந்தது. பாதி என்றால் 100. கட்டணம் அவ்வப்போது மாறும், கட்டும் அன்றைக்கு போர்டின் கட்டணப் பக்கத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். எப்படிப் பார்த்தாலும் மாதம் நாலைந்து டாலர் விஷயம். அந்த லைசென்ஸுக்காக நீங்கள் 3,000 மணி நேரம் இன்னொருவர் மேற்பார்வையில் உழைத்திருக்கிறீர்கள். அதை நாலு டாலருக்காக விடுவதா?

கேட்க வேண்டிய கேள்வி இதுதான்: இன்னும் மூன்று வருடத்துக்குப் பிறகு ஒரு கிளையன்ட் முன்னால் உட்காருவேன் என்பதற்கு ஒரு சிறு வாய்ப்பாவது இருக்கிறதா? இருக்கிறது என்றால் இன்ஆக்டிவ். பிரசவம், பெற்றோரைப் பார்த்துக்கொள்வது, சிகிச்சை, வேறு வேலையை முயன்று பார்ப்பது எல்லாம் இதில் அடங்கும். இல்லவே இல்லை, போதும் என்றால் ரிட்டயர்ட். தெரியவில்லை என்றாலும் இன்ஆக்டிவ்தான். இன்ஆக்டிவிலிருந்து பிறகு ரிட்டயர்டுக்குப் போகலாம். எதிர்ப்பக்கம் வருவதற்குத்தான் கடிகாரம் ஓடுகிறது.

இன்னொன்று, பலருக்குத் தோன்றாதது. ஏ.எஸ்.டபிள்யூ.களுக்கு, அதாவது லைசென்ஸுக்காக மேற்பார்வையில் வேலை செய்பவர்களுக்கு, சூப்பர்வைசராக இருக்க, அதற்கு முந்தைய ஐந்து வருடத்தில் குறைந்தது இரண்டு வருடமாவது ஆக்டிவ் லைசென்ஸோடு இருந்திருக்க வேண்டும். நாலு வருடம் இன்ஆக்டிவில் இருந்துவிட்டுத் திரும்பினால் கிளையன்ட் பார்க்கலாம், ஆனால் உடனே சூப்பர்விஷன் கொடுக்க முடியாது. சூப்பர்விஷன்தான் வருமானம் என்று திட்டமிடுபவர்கள் இந்தக் கணக்கை முன்னாலேயே போட்டுவிட வேண்டும்.

அக்கா கடைசியில் ரிட்டயர்ட் என்று முடிவு செய்தார். “பேரன் வந்தாச்சு, இனிமே யாரு சோகத்தையும் கேக்க என்கிட்ட தெம்பு இல்ல” என்றார். அதுவும் ஒரு நல்ல காரணம்தான்.

படி 1: கிளையன்ட்கள்

படிவம் பத்து நிமிடம். கிளையன்ட்களை ஒழுங்காக விடைபெறச் செய்ய மாதங்கள் ஆகும். அதனால்தான் இதை முதலில் வைக்கிறேன்.

தேதியை முதலில் முடிவு செய்யுங்கள், கடைசி செஷன் தேதியை. இன்ஆக்டிவ் கேட்கும் தேதி அதற்குப் பிறகு இருக்கட்டும். நான் மூன்று மாதம் முன்பே சொல்லத் தொடங்கினேன். எல்லாருக்கும் ஒரே வாரத்தில், முடிந்தவரை நேரில், பிறகு எழுத்தில். கடிதத்தில் நான்கு விஷயம்: கடைசி தேதி, வேறு மூன்று தெரபிஸ்ட்களின் விவரம், ரெக்கார்ட் வேண்டுமென்றால் எப்படிக் கேட்பது, அவசரமென்றால் 988, அதாவது அமெரிக்காவின் தற்கொலைத் தடுப்பு உதவி எண்.

மூன்று பெயர் என்று எழுதுவது சுலபம். அந்த மூவரும் புது ஆட்களை எடுக்கிறார்களா, கிளையன்டின் இன்சூரன்ஸை ஏற்கிறார்களா என்று நானே போன் செய்து கேட்டேன். தமிழில் பேசும் தெரபிஸ்ட் வேண்டும் என்ற இரண்டு பேருக்குத்தான் பெரும்பாடு. தமிழ் தெரிந்தவர்கள் எல்லாரும் நிரம்பி வழிந்தார்கள். ஒரு அம்மாவுக்கு ஆறு வாரம் தேடினேன். “நீங்க போறது பரவாயில்லம்மா, திரும்ப முதல்லேர்ந்து எல்லாத்தையும் சொல்லணுமே” என்றார். அந்த வாக்கியத்துக்காகவே நேரத்தோடு ஆரம்பியுங்கள். அவர் சம்மதத்தோடு ஒரு பக்கச் சுருக்கம் எழுதி, புது தெரபிஸ்டிடம் கொடுத்தேன். பாதி சுமை குறைந்தது.

அபாயத்தில் இருக்கும் கிளையன்ட் என்றால் வேறொருவர் கையில் ஒப்படைத்து, முதல் செஷன் நடந்ததை உறுதி செய்யாமல் விலகாதீர்கள். அம்போவென்று விட்டுவிட்டுப் போனார் என்று புகார் வந்தால் லைசென்ஸ் இன்ஆக்டிவ் என்பது பதிலாகாது.

படி 2: ரெக்கார்ட்

கலிபோர்னியாவில் எல்.சி.எஸ்.டபிள்யூ. தன் கிளையன்ட் ரெக்கார்டை, தெரபி முடிந்த நாளிலிருந்து குறைந்தது 7 வருடம் வைத்திருக்க வேண்டும். கிளையன்ட் மைனர் என்றால் அவருக்கு 18 வயதான நாளிலிருந்து 7 வருடம். அதாவது இன்று 10 வயதுப் பையனோடு தெரபியை முடித்தால், அவனுக்கு 25 ஆகும்வரை அந்தக் கோப்பு உங்கள் பொறுப்பு. 15 வருடம்! நீங்கள் ரிட்டயர்ட் ஆனாலும், ஊர் மாறினாலும், நாடு மாறினாலும்.

அக்காவின் வீட்டு காரேஜில் இரண்டு இரும்பு அலமாரி இருந்தது. ஒரு சனிக்கிழமை முழுக்க உட்கார்ந்து மூன்று குவியலாகப் பிரித்தோம்: கெடு தாண்டியவை, இன்னும் வைத்திருக்க வேண்டியவை, மைனர்கள். முதல் குவியலை சான்றிதழ் தரும் ஷ்ரெடிங் கம்பெனிக்குக் கொடுத்தார். மற்ற ஒவ்வொரு கோப்பின் முகப்பிலும் ‘இந்த வருடத்துக்குப் பின் அழிக்கலாம்’ என்று மார்க்கர் பேனாவால் வருடத்தை எழுதினோம். அந்த ஒரு வேலைதான் எனக்கு அன்று ரொம்பப் பிடித்தது. பத்து வருடம் கழித்து அந்த அலமாரியைத் திறப்பது வேறு யாராவதாக இருக்கலாம் அல்லவா?

ஆன்லைன் மென்பொருளில் ரெக்கார்ட் வைத்திருப்பவர்கள் கவனிக்க: சந்தாவை நிறுத்தினால் கோப்பு என்ன ஆகும் என்று முதலில் கேளுங்கள். நான் கேட்கவில்லை. நிறுத்திய பிறகு பதிவிறக்கம் செய்யக் கொஞ்ச நாள்தான் அவகாசம் என்று ஒரு மின்னஞ்சல் வந்தது. திருச்சியில் அப்பாவின் ஆஸ்பத்திரி வராண்டாவில் உட்கார்ந்து, போன் ஹாட்ஸ்பாட்டில் நூற்றுக்கணக்கான பி.டி.எஃப். இறக்கினேன். அந்த இரவை யாருக்கும் சிபாரிசு செய்ய மாட்டேன்.

உங்களுக்கு ஏதாவது ஆகிவிட்டால் கோப்புகளை யார் பார்ப்பது என்பதையும் ஒரு தாளில் எழுதி, சக தெரபிஸ்ட் ஒருவரிடம் சொல்லி வையுங்கள். கணவனோ மனைவியோ அந்த ஆள் அல்ல. ரகசியம் காக்கும் கடமை அவர்களுக்குப் பழக்கமில்லாதது.

படி 3: இன்சூரன்ஸும் பில்லிங்கும்

மால்பிராக்டிஸ் பாலிசியை, அதாவது தொழிலில் தவறு செய்ததாக வழக்கு வந்தால் காக்கும் இன்சூரன்ஸை, எடுத்துப் பாருங்கள். ‘அக்கரன்ஸ்’ வகையா, ‘கிளெய்ம்ஸ் மேட்’ வகையா? முதல் வகை என்றால் பாலிசி இருந்த காலத்தில் நடந்ததற்கு, புகார் எப்போது வந்தாலும் காப்பு உண்டு. இரண்டாவது வகை என்றால் பாலிசியை நிறுத்திய பிறகு வரும் வழக்குக்குக் காப்பு இல்லை. ‘டெயில்’ எனப்படும் வால் காப்பீட்டைத் தனியாக வாங்க வேண்டும். தேவையா என்று யோசிப்பவர்களுக்கு: போர்டு ஒரு புகாரின் பேரில் நடவடிக்கை எடுக்க, பொதுவாக அதற்குத் தெரியவந்ததிலிருந்து 3 வருடம், அல்லது சம்பவம் நடந்ததிலிருந்து 7 வருடம், எது முன்னால் வருகிறதோ அதுவரை கால அவகாசம் இருக்கிறது. சில வகைப் புகார்களுக்கு இன்னும் அதிகம். நீங்கள் கொலு வைத்துக்கொண்டிருக்கும்போதும் கடிதம் வரலாம்.

மெடிகேர் (முக்கியமாக முதியவர்களுக்கான அரசு இன்சூரன்ஸ்), தனியார் இன்சூரன்ஸ் பேனல்கள் (அந்தக் கம்பெனிகள் ஏற்கும் தெரபிஸ்ட் பட்டியல்கள்), தெரபிஸ்ட் டைரக்டரிகள் எல்லாவற்றிலும் விலகல் தெரிவியுங்கள். டைரக்டரியில் பெயர் இருந்தால் புது ஆட்கள் கூப்பிட்டுக்கொண்டே இருப்பார்கள். மெடிகேருக்கு பில் போடுவதில்லை என்று எழுதிக் கொடுத்து ‘ஆப்ட்-அவுட்’ செய்திருப்பவர்களுக்கு அது இரண்டு வருடத்துக்கு ஒரு முறை தானாக நீளும் என்பது நினைவிருக்கட்டும்.

படி 4: விண்ணப்பம்

கடைசியில்தான் இது. ரின்யூவல் நேரம் என்றால், போர்டு பயன்படுத்தும் பிரீஸ் என்ற ஆன்லைன் தளத்திலேயே இன்ஆக்டிவாகப் புதுப்பிக்கக் கேட்கலாம். சுற்றின் நடுவிலும் கேட்கலாம்.

ரிட்டயர்டுக்குத் தனி விண்ணப்பம். லைசென்ஸ் நடப்பில் இருக்க வேண்டும், அல்லது இன்னும் புதுப்பிக்கக்கூடிய நிலையில் இருக்க வேண்டும். காலாவதியாகி மூன்று வருடம் ஆகாதவர்களும் இந்த வழியில் கௌரவமாக வெளியேறலாம். சஸ்பென்ஷனோ ஒழுங்கு நடவடிக்கையோ இருந்தால் கிடைக்காது. புகாருக்கு பயந்து ஓய்வுக்குள் ஒளிந்துகொள்ள முடியாது என்று அர்த்தம்.

முகவரியை மாற்றினால் 30 நாளுக்குள் போர்டுக்குச் சொல்ல வேண்டும். இன்ஆக்டிவில் இருப்பவர்கள் கோட்டை விடும் இடம் இதுதான். வீட்டைக் காலி செய்துவிட்டு ஊருக்குப் போகிறோம், நோட்டீஸ் பழைய அபார்ட்மென்ட் தபால்பெட்டியில் கிடக்கிறது, லைசென்ஸ் காலாவதி. போனில் ஒரு நினைவூட்டல் வைத்துக்கொள்ளுங்கள், காலாவதி தேதிக்கு மூன்று மாதம் முன்னால்.

நிறுத்தி வைத்த காலத்தில்

இங்கேதான் நல்லவர்கள் மாட்டுகிறார்கள். லைசென்ஸ் இல்லாமல் தொழில் செய்வது கலிபோர்னியாவில் குற்றம்: 6 மாதம் வரை கவுன்டி சிறை, அல்லது 1,000 டாலர் வரை அபராதம், அல்லது இரண்டும். பணம் வாங்காவிட்டால் பரவாயில்லை என்று ஒரு நம்பிக்கை உலவுகிறது. சட்டம் கிளினிகல் சோஷியல் வொர்க்கை வரையறுக்கும்போது காசைப் பற்றிப் பேசவே இல்லை.

திருச்சியில் இருந்தபோது பழைய கிளையன்ட் ஒருவர் வாட்ஸ்அப்பில் எழுதினார்: “அஞ்சு நிமிஷம் வீடியோல வரமுடியுமா?” எனக்கு மனசு கேட்கவில்லை. ஆனால் கலிபோர்னியாவில் இருக்கும் ஒருவருக்குத் திரை வழியாக தெரபி கொடுக்கவும் நடப்பிலுள்ள லைசென்ஸ் வேண்டும். நான் எங்கே உட்கார்ந்திருக்கிறேன் என்பது அதை மாற்றாது. இந்தியாவில் சோஷியல் வொர்க்கர்களுக்கு என்ன விதி என்பதும் உதவாது. “உங்க செய்தி பார்த்தேன். இப்போ என்னால செஷன் எடுக்க முடியாது. நான் சொன்ன தெரபிஸ்டைக் கூப்பிடுங்க. ரொம்ப மோசமா இருந்தா இப்பவே 988” என்று பதில் போட்டேன். அடுத்த நாள் அவர் அந்த தெரபிஸ்டிடம் பேசியதாகச் சொன்னார்.

அப்படியானால் என்னதான் செய்யலாம்? தமிழ்ச் சங்கத்தில் மன அழுத்தம் பற்றிப் பொதுவாகப் பேசலாம். அரங்கில் கேள்வி எழுப்பியவர் பிறகு தனியாக வந்து தன் கதையைச் சொல்லத் தொடங்கினால், அங்கே நிறுத்திக்கொண்டு வழிகாட்ட வேண்டும். பேச்சு எங்கே முடிந்து சிகிச்சை எங்கே தொடங்குகிறது என்பது நமக்குத் தெரியும். தெரியாத மாதிரி நடிக்க வேண்டாம்.

ரிட்டயர்ட் ஆனவரின் பெயருக்குப் பின்னால்

ரிட்டயர்ட் லைசென்ஸ் வைத்திருப்பவர் ‘ரிட்டயர்ட் லைசென்ஸ்டு கிளினிகல் சோஷியல் வொர்க்கர்’ என்றோ, அதே சொற்களுக்குப் பின்னால் ‘ரிட்டயர்ட்’ என்று சேர்த்தோ போடலாம். ரிட்டயர்ட் என்ற சொல்லைச் சுருக்கக் கூடாது. ‘ரெட்.’ என்று புள்ளி வைத்துப் போடுவதெல்லாம் கூடாது. முழுசாக எழுத வேண்டும்.

சின்ன விஷயம்தான், ஆனால் பழைய பட்டம் எங்கெல்லாம் ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று பார்த்தால் தலை சுற்றும். அக்காவின் பெயருக்குப் பின்னால் எல்.சி.எஸ்.டபிள்யூ. இருந்த இடங்கள்: மின்னஞ்சல் கையெழுத்து, லிங்க்ட்இன், வாய்ஸ்மெயில், பழைய விசிட்டிங் கார்டு, தமிழ்ப் பள்ளி ஆண்டு விழா மலர், கோயில் நவராத்திரி நன்கொடையாளர் பட்டியல். கடைசி இரண்டையும் அவர் போடச் சொல்லவில்லை, மற்றவர்கள் அன்போடு சேர்த்தது. அடுத்த மலருக்கு முன்னால் செயலாளரிடம் சொல்லிவிட்டார்.

திரும்பி வருவது

இன்ஆக்டிவிலிருந்து: லைசென்ஸ் காலாவதியாக ஒரு வருடத்துக்குக் குறைவாக இருந்தால் 18 மணி நேர சி.இ., அதற்கு மேல் இருந்தால் 36. சுற்றின் நடுவில் கேட்டால் கட்டணத்தின் மீதிப் பாதியையும் கட்ட வேண்டும். இந்த 18-36 வித்தியாசம் கொஞ்சம் விசித்திரம்தான். காலாவதிக்கு 13 மாதம் இருக்கும்போது கேட்டால் 36, இரண்டு மாதம் பொறுத்துக் கேட்டால் 18. வேலை காத்திருக்குமென்றால் நாள்காட்டியைப் பார்த்துக் கேளுங்கள். ஆனால் அடுத்த ஆக்டிவ் ரின்யூவலுக்கு மறுபடி 36 தேவைப்படும்.

இதற்கு மேல், ஒரே ஒரு முறை செய்ய வேண்டிய பாடங்கள் இரண்டு உண்டு: தற்கொலை அபாய மதிப்பீட்டில் 6 மணி நேரம் (2021 ஜனவரியிலிருந்து), டெலிஹெல்த்தில், அதாவது திரை வழி சிகிச்சையில், 3 மணி நேரம் (2023 ஜூலையிலிருந்து). அதற்கு முன்பே நிறுத்தி வைத்துவிட்டுப் போனவர்கள் இவற்றைச் செய்திருக்க மாட்டார்கள், ஆக்டிவுக்குத் திரும்பும்போது இவையும் கேட்கப்படும்.

ரிட்டயர்டிலிருந்து, மூன்று வருடத்துக்குள்: ஒரு வருடம் ஆகவில்லை என்றால் 18 மணி நேரம், ஆகிவிட்டால் 36. ரின்யூவல் கட்டணமும் கைரேகை விதியும் உண்டு. மூன்று வருடம் தாண்டியிருந்தால் புது விண்ணப்பம், மறுபடியும் பரீட்சை. 65 வயதில் யார் பரீட்சைக்குப் படிப்பார்கள் என்று சிரிக்கலாம். எனக்குத் தெரிந்து ஒருவர் படித்தார்.

ஆக்டிவ் ஆனதாக போர்டின் லைசென்ஸ் தேடல் பக்கத்தில் உங்கள் பெயருக்கு நேரே வந்த பிறகுதான் முதல் அப்பாயின்ட்மென்ட். அனுப்பிவிட்டோம், பணம் போய்விட்டது என்பது போதாது. நான் அந்தப் பக்கத்தைப் படமாக எடுத்து, தேதியோடு சேமித்து வைத்தேன். பேனல்களில் மறுபடி சேர நான்கு மாதம் ஆனது, அதற்கான சேமிப்பும் வைத்திருங்கள்.

வேறு மாநில லைசென்ஸும் இருந்தால்

ஒவ்வொன்றையும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும். கலிபோர்னியாவில் ரிட்டயர்ட் ஆனது வேறெங்கும் தானாகப் போய்ச் சேராது. நியூயார்க்கில் அடிப்படையே வேறு: லைசென்ஸ் ஆயுளுக்கும் உண்டு, தொழில் செய்யத்தான் மூன்று வருடத்துக்கு ஒரு முறை பதிவு. அங்கே பதிவை இன்ஆக்டிவாக வைக்கக் கட்டணம் இல்லை. இரண்டு மாநிலத்திலும் லைசென்ஸ் வைத்திருக்கும் நண்பர் ஒருவர் நியூயார்க்கை நிறுத்திவிட்டு, கலிபோர்னியாவும் அப்படித்தான் என்று பேசாமல் இருந்துவிட்டார். கலிபோர்னியா காலாவதியானது அவருக்குத் தெரிந்தது, புது வேலைக்கு விண்ணப்பித்து, மனிதவளப் பிரிவிலிருந்து போன் வந்தபோதுதான். மூன்று வருடம் முடிய இன்னும் ஏழு வாரம் இருந்தது. அன்றைக்கே தாமதக் கட்டணத்தைக் கட்டினார்.